மூன்று மணிக்கு நான் பார்த்தேன்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து நேற்றோடு மூன்று வருடம். மனைவி கவிதா காலையிலேயே சேமியா பாயசம் வைத்து மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். மகள் தாரணி நின்றபடியே ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு விடுமுறை நாள். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது கதவுத் துளை வழியாகத் தபால் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். பல வாரமாக நான் எதிர்பார்த்துக்கொண்டும், வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டும் இருந்த கடிதம். இரண்டு பக்கம்தான். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். முடிக்கும்போது பாயசம் ஏடு கட்டிப் போயிருந்தது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எனக்கு இங்கே வரவில்லை. ஆங்கிலத்தில் இறந்த காலம் என்பது ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிற பாடம். அது தடுமாறினால் நாற்பத்து நான்கு வயது மனிதன் என்ன ஆவான் என்பதை ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் பெயர் செந்தில். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து மெயில் எழுதுகிற வேலை. ஆர்டர் குறைந்து, வேலை நேரம் குறைந்து, கடைசியில் கம்பெனி கட்டடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நர்ஸாக இருந்த கவிதாவுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் ஆங்கிலப் பரீட்சைக்காக ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயமுத்தூருக்கு வகுப்புக்குப் போனாள். வண்டியில் கூட்டிப் போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தவன் நான். உள்ளே அவள் படித்ததில் பாதியை நானும் படித்திருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது.

அவளோடு குடும்பமாக வந்தேன். மெர்ச்சண்டைசர் வேலைக்கு இங்கே யாரும் ஆள் தேடவில்லை. முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்க வைக்கிற வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டது. அதில் சேர்ந்தேன்.

2

எனக்கு ஆங்கிலமே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவன்தான். ஆனால் வினைச்சொல் பட்டியல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். கோ வென்ட் கான். சீ சா சீன். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வோம். கட் கட் கட், புட் புட் புட் என்று வரும் இடத்தில் மட்டும் எல்லோரும் சிரித்துவிடுவோம். மூன்று காலத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படிப் பிழைக்கிறான் என்று எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒப்பித்தோம். அந்தச் சொற்களை வைத்து ‘நேற்று நான் சந்தைக்குப் போனேன்’ என்று ஒரு தடவைகூட யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனியில் பதினாறு வருடம் எழுதிய ஆங்கிலத்துக்கும் அது தேவைப்படவில்லை. சாம்பிள் அப்ரூவ்ட். ஃபேப்ரிக் ரிசீவ்ட். ஷிப்மென்ட் டன். யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதெல்லாம் கிடையாது. ஒற்றைச் சொல்லில் உலகமே முடிந்துபோகும்.

அதிலும் ஒரு விஷயம் உண்டு. நம் ஊரில் ‘இதோ வந்துட்டேனுங்க’ என்று போனில் சொல்கிறவர் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருப்பார். கேட்பவருக்கும் அது தெரியும். வீரபாண்டி சாயப்பட்டறைக்குப் போன் போட்டால் ‘வண்டி கெளம்பிருச்சுங்க’ என்பார்கள். துணி இன்னும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இனிமேல் நடக்கப் போவதை நடந்துவிட்டதாகச் சொல்வது நமக்குப் பொய் இல்லை, ஒரு மரியாதை. கேட்கிறவர் மனம் வருத்தப்படக் கூடாது என்பதற்காகச் சொல்வது.

ஒரு முறை ஜெர்மனி பையருக்குக் குழந்தைகள் டீ-சர்ட் போக வேண்டியிருந்தது. தேதி தாண்டிவிட்டது. முதலாளி என் மேசைக்கு வந்து, “செந்திலு, அனுப்பிட்டம்னு ஒரு மெயிலப் போட்டு உடுங்க. நாளைக்கு அனுப்பிக்கலாம்” என்றார். அனுப்பியாகிவிட்டது என்ற அர்த்தத்தில் ‘ஷிப்ட்’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் பையருடைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். டீ-சர்ட் அத்தனையும் செக்கிங் டேபிளில் மலை மாதிரி கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். ‘டுடே ஷிப்ட் சார்’ என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

3

ஹில்டாவுக்கு எண்பத்தேழு வயது. நான் பார்க்கும் பகுதியில் ஏழாம் எண் அறை. இந்த ஊரிலும் ஒரு காலத்தில் பனியன், காலுறை ஆலைகள் நிறைய இருந்தனவாம். ஹில்டா அப்படி ஓர் ஆலையில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், அவருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தபோது என் சட்டையின் அடித் தையலைப் பிடித்து உள்ளே திருப்பிப் பார்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பனியன் சட்டை. “நல்ல தையல்” என்றார். இந்த ஊரில் என் பழைய வேலையைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

இங்கே எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது கடைசிவரை பழகவில்லை. ‘ஹில்டாங்க’ என்று வாய் தவறி வந்துவிடும். ‘யெஸ்ங்க’ என்றும் வரும். அவர் அதைக் கவனித்து, என்னைப் பார்த்தாலே ‘யெஸ்ங்க’ என்று ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு மறதி நோய். அவர் பேச்சில் இறந்த காலமே கிடையாது. கணவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ‘ஐந்து மணிக்கு அவர் வருகிறார், உருளைக்கிழங்கு இன்னும் வேகவில்லை’ என்பார். திருத்தக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாவுச் செய்தி சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று. நானும் திருத்தியதில்லை. நிகழ்காலத்திலேயே பேசுகிற ஒருவரோடு பேசுவது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆள் குறைவு. மூன்று மணிக்கு டீ கொடுக்கும் நேரம். ஏழாம் அறைக்குப் போனேன். ஹில்டா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சிறு மேசையை இழுத்துப் போட்டு டீயை வைத்தேன். தேங்க்யூ என்றார். காலில் போர்வையைச் சரிசெய்தேன். அப்போது ஒன்பதாம் அறையில் இருக்கும் பெரியவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். அவரைத் துடைத்து, துணி மாற்றி, படுக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது மூன்றே முக்கால் வாக்கில் உடன் வேலை பார்க்கும் பெண் கத்தினாள்.

ஹில்டா தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆள் கூப்பிடக் கையில் பிடித்து அமுக்குகிற அழைப்பு மணி, நாற்காலியிலிருந்து கை எட்டாத தூரத்தில், கட்டிலின் மேல் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலியிலும் ‘யெஸ்ங்க’ என்றார்.

ஒவ்வொரு முறை அறைக்குப் போய்வந்ததும் கையிலிருக்கும் டேப்லெட்டில் நேரத்தைப் பதிய வேண்டும். மூன்று மணிப் பதிவை நான் போட்டபோது மணி நான்கு பத்து.

4

அன்றைக்கே நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். அந்தக் காகிதம் இப்போதும் எனக்கு மனப்பாடம்.

‘ஐ கோ டு ஹில்டா ரூம் அட் த்ரீ. ஷீ சிட் இன் சேர். ஐ கிவ் டீ. ஷீ சே தேங்க்யூ. ஐ புட் தி பெல் இன் ஹர் ஹேண்ட். ஐ செக் எவ்ரி அவர்.’

எழுதும்போது தலைக்குள் ஓடியது முழுக்கத் தமிழ்தான். போனேன், உட்கார்ந்திருந்தாங்க, கொடுத்தேன், சொன்னாங்க. நம் மொழியில் ஒரே சொல்லில் யார், எப்போது, இரண்டும் அடங்கிவிடுகிறது. ‘பார்த்தேன்’ என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தச் சொல் கையிலிருந்து காகிதத்துக்கு இறங்குவதற்குள் காலம் மட்டும் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. கோ வென்ட் கான் என்று ராகம் போட்டவன்தான். பதற்றத்தில் பட்டியலின் முதல் சொல் மட்டும்தான் வந்தது.

விசாரணை முடியும்வரை என்னை மாடிப் பகுதிக்கு மாற்றினார்கள். பத்து நாள் கழித்துக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மேற்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்னதாக எழுத்தில் அனுப்பலாம் என்று அதில் ஒரு வரி. கவிதா டியூட்டியில் இருந்தாள். தாரணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் காகிதத்தின் நகலை அவள் முன்னால் வைத்து, தப்பிருந்தால் திருத்திக் கொடு கண்ணு என்றேன்.

தாரணிக்குப் பதினான்கு வயது. அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் பேச்சு வரவரத் திசை மாறுகிறது. போன மாதம் பெருமாநல்லூரில் இருக்கும் என் மாமனாரோடு வீடியோவில் பேசி முடித்துவிட்டு, “அப்புச்சி ஊடு எவ்வளவு பெருசா இருந்துச்சு, இல்லீங்கம்மா” என்றாள். கவிதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “இருந்துச்சு இல்ல கண்ணு, இருக்குது. அப்புச்சி அங்கதான் இருக்கறாங்க” என்றாள். தாரணிக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. அவளைப் பொறுத்தவரை ஊர் நடந்து முடிந்த விஷயம்.

அப்படிப்பட்ட பிள்ளை என் காகிதத்தைப் படித்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, இதுல எல்லாமே ப்ரெசென்ட்ல இருக்குதுங்க. இது நீங்க டெய்லி செய்யறதச் சொல்ற மாதிரி இருக்குது. அன்னிக்கு நடந்த மாதிரியே இல்லீங்க.”

அதற்குத்தான் உன்னிடம் கொடுத்தேன் என்றேன். அவள் லேப்டாப்பில் ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். கோ என்பதை வென்ட் ஆக்கினாள். கிவ் என்பதை கேவ். சே என்பதை செட். கடைசி வரியில் நின்றாள். ‘ஐ செக் எவ்ரி அவர்’ என்பதை அப்படியே மாற்றினால் போதாது, மூன்று மணிக்குப் பார்த்தேன் என்று தெளிவாகப் போட வேண்டும் என்றாள். போடு என்றேன். உடனே போடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“நெசமாப் பார்த்தீங்களாங்கப்பா?”

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எழுதுகிறவள், தெரிந்துகொண்டு எழுத நினைத்தாள். ஆனால் என் மகள் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்த்தேன் என்றேன். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம், டீயில் எழுந்த ஆவி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

பிறகு மணி வாக்கியத்துக்கு வந்தாள். “இது மாத்த வேண்டியதில்லீங்க. புட், பாஸ்ட்லயும் புட்தான்” என்றாள். கூடவே, மணியைக் கையில் கொடுத்தீர்களா என்றும் கேட்டாள். கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

கவிதா வந்து கேள்விப்பட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சத்தம் போடவில்லை. “ஏனுங்க, ஒருக்கா எழுதுன நோட்ஸ மாத்தி எழுதக் கூடாதுங்க. எங்களுக்கு அதுதானுங்க மொதப் பாடம். தப்பா இருந்தாலும் மொத எழுதுனதுக்குத்தான் மதிப்பு” என்றாள். நான் மெயில் அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் வேலைக்கு பஸ்ஸில் போகும்போதுதான் அது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையை ஒரு தடவை முழுதாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். மேசையை இழுத்தேன், டீயை வைத்தேன், போர்வையைச் சரிசெய்தேன். மணி? மணியை எடுத்துக் கையில் வைத்தேனா? என் கை அந்த மணியை எடுத்து அவர் விரலுக்குள் வைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது அந்த ஞாயிற்றுக்கிழமையா, அதற்கு முந்தைய நாளா, போன மாதத்தில் ஏதோ ஒரு நாளா? தினமும் செய்கிற காரியம். நூற்றுக்கணக்கான நாட்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, எதைப் பிரித்தாலும் அதே மணி, அதே கை. ஒன்பதாம் அறைச் சத்தம் கேட்டு ஓடியது மணி கொடுத்த பிறகா, கொடுப்பதற்கு முன்பா என்பது மட்டும் வரவே இல்லை.

5

கூட்டத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்லவர். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், மெதுவாகப் பேசினார், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். இல்லாத ஆங்கிலத்தை இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் பதினாறு வருடப் பழக்கம். வேண்டாம் என்றேன்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் காகிதத்தில் ‘ஐ கோ அட் த்ரீ’, ‘ஐ செக் எவ்ரி அவர்’ என்றிருக்கிறது. இது உங்கள் டியூட்டி அட்டவணை மாதிரி இருக்கிறது, அன்று செய்ததைச் சொல்லவில்லை என்றார். இரண்டாவதில் எல்லாம் அன்று செய்ததாக மாறியிருக்கிறது. டேப்லெட் பதிவோ நான்கு பத்துக்குப் போட்டது. நடுவில் பத்து நாள் ஆகியிருக்கிறது, யாரோ உதவியும் செய்திருக்கிறார்கள். ஏன் மாற்றினீர்கள்?

மாற்றவில்லை, இலக்கணத்தைத்தான் திருத்தினோம் என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. ‘நோ சேஞ்ச், ஒன்லி கிராமர்’ என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதியது என்ன என்று தெரியவில்லை. பிறகு நேராகக் கேட்டார்: “டிட் யூ செக் ஹர் அட் த்ரீ?”

“யெஸ், ஐ டிட் செக்ட்” என்றேன். சொன்னவுடனே தப்பு என்று தெரிந்தது. டிட் வந்தால் பின்னால் செக் என்றுதான் வர வேண்டும், தாரணி சொல்லியிருக்கிறாள். திருத்துவதற்காக “ஐ செக்” என்றேன். பழைய இடத்துக்கே வந்து நின்றேன். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அது பொய் மாதிரி ஆகிக்கொண்டே போனது. செக்கிங் டேபிள் மேல் கிடந்த டீ-சர்ட் மலை என் ஞாபகத்துக்கு வந்தது. அனுப்பாததை அனுப்பினேன் என்று எழுதியபோது என் ஆங்கிலம் தடுமாறவே இல்லை.

கடைசியில் அவர் பேனாவை ஒரு வரியின் மேல் வைத்தார். இந்த ஒரு வாக்கியம் மட்டும் இரண்டு காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றார். ‘ஐ புட் தி பெல் இன் ஹர் ஹேண்ட்.’ அன்றே எழுதியது, பிறகும் மாறவில்லை. அதனால் இதை நான் நம்புகிறேன் என்றார். எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சிரித்தார்.

அது மாறாத சொல், அதனால்தான் மாறவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ஐ டோண்ட் ரிமெம்பர்’ என்பது அப்படியொன்றும் கஷ்டமான ஆங்கிலம் இல்லை. அதை நான் சொல்லவில்லை. தேங்க்யூ என்றேன்.

ஹில்டா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. ஆபரேஷன் முடிந்து, சளி கட்டி, மூன்றாவது வாரம் இறந்துபோனார். சாமான்களை எடுத்துப் போக அவர் மகன் வந்தார். அறுபது வயதுக்காரர், லாரி ஓட்டுகிறவர். பெட்டிகளை வண்டிவரை தூக்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மாடியிலிருந்து ஓர் ஆளை அனுப்பும்போது, அன்றைக்கு ஹில்டாவைப் பார்த்துக்கொண்டவன் நான்தான் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் என் பெயர்ப் பட்டையைப் படித்தார். அன்றைக்கு அம்மாவோடு இருந்தது நீங்கள்தானா என்று கேட்டார்.

நடந்ததைப் பற்றிக் குடும்பத்தாரிடம் எதுவும் பேசக் கூடாது என்று எனக்கு எழுத்தில் உத்தரவு இருந்தது. யெஸ் என்றேன், அவ்வளவுதான். அவர் காத்திருந்தார். என்னிடம் அப்போது எல்லா வாக்கியமும் தயாராக இருந்தது, வென்ட், கேவ், செட் எல்லாம் தப்பில்லாமல். ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதற்குக்கூட ஹெல்ட் என்ற சொல்லைத் தேடிப் படித்து வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. ஐ ஆம் சாரி என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். தட்டாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

நேற்று வந்த கடிதத்தில் இருந்தது இதுதான். அழைப்பு மணி ஹில்டாவின் கையில் கொடுக்கப்பட்டது என்பது ஏற்கப்படுகிறது; பிறகு அவரே அதைக் கட்டிலில் போட்டிருக்கலாம். அந்த விஷயத்தில் என் மேல் தவறில்லை. மூன்று மணிக்கு நான் அவரைப் பார்த்ததாகச் சொல்வது முரணாக இருப்பதால் நிரூபணமாகவில்லை. அதற்காக ஒரு வருடத்துக்கு எழுத்து மூல எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பதிவு எழுதும் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆட்சேபணை இருந்தால் பத்து நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

செய்தேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை அவர்கள் நம்பவில்லை. செய்தேனா என்று எனக்கே தெரியாத ஒன்றை நம்பிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் இரண்டையும் சேர்த்துத்தான் திறக்க வேண்டும்.

தாரணி சாயங்காலம் வந்ததும் கடிதத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்தாள். எனக்கு மூன்று தடவை ஆனது அவளுக்கு ஒரு நிமிடம். கோபம் வந்துவிட்டது. பேசும்போதே லேப்டாப்பைத் திறந்தாள். “இது அநியாயமுங்கப்பா. பெல் மேட்டர நம்பறவங்க, நீங்க ரூமுக்குப் போனத நம்ப மாட்டாங்களா? ரூமுக்குப் போகாம பெல்ல எப்படிக் குடுக்க முடியும்? நான் இதையே எழுதறேன். ஈசியா ஜெயிச்சரலாமுங்க.”

அவள் சொன்னது சரி. அந்த அதிகாரிக்குத் தோன்றாதது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உடனே தோன்றியது. நான் தப்பித்துக்கொள்ள அதைவிடச் சுத்தமான வழி இல்லை. விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்று என்னைப் பார்த்தாள். மணி கொடுத்ததிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள்.

“எழுத வேண்டாம் கண்ணு” என்றேன்.

ஏன் என்று கேட்டாள்.

“மணியக் கையில குடுத்தனான்னு எனக்கு நெனப்பில்ல. தெனமும் குடுப்பேன். அன்னிக்குக் குடுத்தனான்னு தெரியல. நீ கேட்டப்பக் குடுத்தேன்னு சொல்லிப்போட்டேன்.”

அவள் விரல்களை விசைகளிலிருந்து எடுத்தாள். பிறகு, குடுக்கலைன்னும் தெரியாதுங்களா என்று மெல்லக் கேட்டாள். அதுவும் தெரியாது என்றேன். கொடுத்திருந்தால் ஹில்டா அமுக்கியிருப்பாரா என்று கேட்டாள். அவருக்கு மணி எதற்கென்றே சில நாள் மறந்துபோகும். அமுக்கியிருக்கலாம், அமுக்காமலும் இருந்திருக்கலாம். லேப்டாப்பை மூடினாள். என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது கோபம் மாதிரி இல்லை. வேறு என்ன என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமுங்களா?” என்றாள்.

இல்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றேன்.

கோடைக்காலம் ஆனதால் ஏழரை மணிக்கும் வெயில் இருந்தது. கவிதா வந்து, செருப்பைக் கழற்றும்போதே மேசை மேல் கிடந்த உறையைப் பார்த்துவிட்டாள். கடிதம் வந்துவிட்டதா, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். தாரணி என்னைப் பார்த்தாள்.

“உக்காரு கவிதா, சொல்றேன்” என்றேன்.

பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரில் உட்கார்ந்தாள். சொந்த மொழிதான், எல்லாக் காலமும் கைவசம் இருக்கிற மொழிதான். ஆனாலும் முதல் சொல் வருவதற்கு நேரம் பிடித்தது. வழக்கமாக நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் தாரணி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நேற்று எழுந்து போகாமல் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.